கொடுமுடிக் குரலும் படுவான்கரைக் களரியும்
கே. பி. சுந்தராம்பாள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

ஒரு தலைமுறையினர் தலைமேற்கொண்டு போற்றிய கலைஞரை அடுத்த தலைமுறையினர் பெயரளவில் அறிந்திருப்பதும், அதற்கடுத்த தலைமுறையினர் நகைப்புக்குரியவராகக் கொள்வதும் கலை வரலாற்றில் அடிக்கடி நிகழ்வனவாகும். தமிழ்த் திரையின் முற்கால நட்சத்திரங்களுள் ஒருவரான கே. பி. சுந்தராம்பாளுக்கும் (1908–1980) இக்கதி நேர்ந்துள்ளது. இன்றைய மாணவர் பெரும்பாலோர் அவரை ஒரேயொரு கோலத்திலேயே அறிவர். நெற்றி நிறைந்த திருநீறும் வெண்ணிற ஆடையுமாக, 1965 இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்திலே, மாங்கனிக்காகச் சினந்து சென்ற முருகனைப் பாட்டினால் தணிவிக்க முயலும் ஔவை மூதாட்டி அவர். கோயில் திருவிழாக்களின்போது ஒலிபெருக்கியிலே விடியற்காலையில் எழும் குரல்களுள் ஒன்றும் அவருடையதே. இவ்விரண்டுக்கும் அப்பால் அவரைப் பற்றி அறிந்தவர் சிலர். அறிய விரும்புபவர் அதனினும் சிலர்.

இந்நிலைக்கு இளையோரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. அண்மைக் காட்சியில் கண்ணிமையின் அசைவையும் உதட்டின் துடிப்பையும் கொண்டு நடிப்பை அளக்கப் பழகிய ஒருவர் சுந்தராம்பாளின் படமொன்றைக் காணுமிடத்து ஏமாற்றமடைதல் இயல்பே. பாடும்பொழுது அவருடைய உடல் அதிகம் அசைவதில்லை. முகமும் சிறிதளவே மாறுகின்றது. குரல் ஒன்றே ஓங்கி நிற்கின்றது. ‘இவர் பாடகர், நடிகரல்லர்’ என்று அவர் முடிவு கட்டிவிடலாம். ஆயின், வரலாறு இம்முடிவை எளிதில் ஏற்கவிடுவதில்லை. 1935 இல் திரைக்கு வந்த ‘நந்தனார்’ படத்தில் நடிப்பதற்காக இப்பெண்மணிக்கு வழங்கப்பட்ட ஊதியம் ஒரு இலட்சம் ரூபா. அன்றைய இந்தியத் திரையுலகில் எவரும் பெற்றிராத தொகை அது என்பர். அக்காலத்து மக்கள் அவரிடத்திற் கண்டதை இக்காலத்தார் காணத் தவறுவது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் திரைப்பட மாளிகையிலிருந்து தொடங்குவதினும் கூத்துக் களரியிலிருந்து தொடங்குவது பயனுடைத்து. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமாகிய படுவான்கரையிலே, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து செல்வோர் அடையும் பழைய ஊர்களுள் ஒன்று பழுகாமம். வயலும் வாவியும் சூழ்ந்த இவ்வூரிலே திரௌபதை அம்மன் வழிபாடு நிலைபெற்றிருக்கின்றது. பாரதக் கதை இத்தகைய ஊர்களில் ஏட்டிலே படிக்கப்படுவதோடு அமையாது, கோயிலிலே சடங்காகவும் களரியிலே கூத்தாகவும் வாழ்கின்றது. சுந்தராம்பாளுக்கும் பழுகாமத்துக்குமிடையே நேர்த்தொடர்பொன்றை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவருடைய கலையைச் சுவைப்பதற்கு வேண்டிய செவிப்பழக்கம் எங்கே இன்னும் எஞ்சியிருக்கின்றது என்பதைச் சுட்டுவதே நோக்கமாகும்.

கொடுமுடியிலிருந்து கொழும்புக்கு

சுந்தராம்பாள் 1908 ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிற் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்த குடும்பம். தாயார் பாலாம்பாள் வறுமையோடு போராடிப் பிள்ளைகளை வளர்த்தார். சிறுமி புகைவண்டியிலே பாடிக்கொண்டு சென்றபொழுது, இரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எப். ஜி. நடேச ஐயர் அக்குரலைக் கேட்டு வியந்து, வேலு நாயரின் நாடகக் குழுவிற் சேர்ப்பித்தார் என்பர். ‘நல்லதங்காள்’ நாடகத்திலே பசியால் வாடும் பிள்ளையாக அவர் தோன்றியமை அவருடைய தொடக்க கால வேடங்களுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது. பசியை அறிந்த பிள்ளை பசித்த பிள்ளையாக மேடையேறியதைக் கண்டு அவையோர் கலங்கியிருப்பின் அதில் வியப்பில்லை.

அக்காலத் தமிழ் நாடக மேடை சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த வழியிலே நடந்துகொண்டிருந்தது. வசனத்தினும் பாட்டே அதன் உயிர். அன்றியும், ‘ஸ்பெஷல் நாடகம்’ என வழங்கிய ஒருவகை அளிக்கை அந்நாளிற் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நடிகர்கள், முன்னொத்திகை எதுவுமின்றி, ஓரிரவு ஒரே மேடையிற் சந்திப்பர். கதை எல்லோரும் அறிந்ததே. அறியாதது ஒன்றுண்டு: அன்றிரவு யார் யாரை வெல்வார் என்பது. ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களிலே வள்ளியும் வேடனும் எதிரெதிர் நின்று பாடும் தர்க்கத்தைக் கேட்பதற்கென்றே மக்கள் விடியுமட்டும் காத்திருந்தனர்.

இந்நாடகக் குழுக்களுக்கு இலங்கை அயல்நாடாகத் தோன்றவில்லை. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை ஏற்பட்ட பின்னர் அவற்றின் வருகை மேலும் எளிதாயிற்று. கொழும்பிலே வாழ்ந்த வணிகரும் தொழிலாளரும் அவற்றுக்கு நிலையான அவையினராயினர். யாழ்ப்பாணத்திலே இந்நாடக மரபு வேரூன்றி, பிற்காலத்தில் வி. வி. வைரமுத்து போன்ற பெருங்கலைஞரைத் தோற்றுவித்தமை இலங்கைத் தமிழ் நாடக வரலாற்றைக் கற்றோர் அறிந்ததே.

சுந்தராம்பாளின் வாழ்க்கையிலே திருப்புமுனையாக அமைந்ததும் கொழும்பு நகரமேயாகும். 1920களின் நடுப்பகுதியில் அவர் அங்கு நாடகங்களில் நடித்துப் புகழ்பெற்றிருந்த வேளையில், செங்கோட்டையிற் பிறந்து கன்னையா கம்பெனியில் நடித்து இளவயதிலேயே பெரும்புகழ் எய்தியிருந்த எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். மேடையிலே தொடங்கிய இசைப்போட்டி வாழ்க்கைத் துணையாக முடிந்தது. 1927 இல் அவர்கள் மணம்புரிந்தனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர், சாதியும் வேறு. ஆதலின் இம்மணவாழ்வு அமைதியானதாக இருக்கவில்லை. எனினும் இருவரும் இணைந்தளித்த நாடகங்களும் அவர்களுடைய குரல் பதிந்த இசைத்தட்டுகளும் தமிழர் வாழ்ந்த இடமெல்லாம் பரவின. நாடகம் காணாத ஊர்களிலும் அவர்களைக் கேட்டவர்கள் இருந்தனர். முகத்தை அறியுமுன்னர் குரலை அறிதல் என்பது அத்தலைமுறையின் அநுபவம்.

மேடைக் குரலின் இயல்பு

சுந்தராம்பாளின் கலையை மதிப்பிடுவதற்கு அக்குரல் பிறந்த சூழலை அறிதல் இன்றியமையாதது. ஒலிவாங்கி இல்லாத காலம் அது. தென்னோலைக் கொட்டகையிலே ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருப்பர். கடைசி வரிசையில் இருப்பவனும் நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவனே. அவன் செவிக்கும் சொல் சென்று சேரவேண்டும். ஆகவே நான்கு, ஐந்து கட்டைச் சுருதியிற் பாடுவது மேடையில் வழக்கமாயிற்று. ஆர்மோனியம் உரத்து ஒலித்தது. அதற்கு மேலாகக் குரல் எழுந்தது. வல்லெழுத்துகள் அழுத்தம் பெற்றன. சொற்கள் ஒன்றோடொன்று மயங்காது தனித்தனியே நின்றன.

இன்று சுந்தராம்பாளின் பாட்டைக் கேட்டு ‘இவர் ஏன் இவ்வாறு உரத்துப் பாடுகிறார்’ என வினவும் இளைஞர், ஒலிவாங்கி கண்டுபிடிக்கப்பட்டதன் பயனாகத் தோன்றிய மென்குரலை இயற்கையெனவும் மற்றதைச் செயற்கையெனவும் கொள்கின்றனர். உண்மை அவ்வாறன்று. காதருகே முணுமுணுக்கும் குரலை ஆயிரம்பேர் ஒருங்கே கேட்கச் செய்வதே பொறியின் செயல். பொறியின் துணையின்றி ஆயிரம்பேரைத் தன் மூச்சினால் எட்டிய குரல் சுந்தராம்பாளுடையது. அதன் உரத்த தன்மை குறைபாடன்று. ஒரு தொழில்நுட்பத்தின் அடையாளமாகும்.

முதற் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931 இல் வெளிவந்தது. பேசும்படம் தொடங்கியபொழுது மேடைக் கலைஞர்களே திரைக்குச் சென்றனர். அவர்கள் படப்பிடிப்பின்போதே பாடினர். நடித்தவரும் பாடியவரும் ஒருவரே. 1938 இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக்குரல் முறை கையாளப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அம்முறையே பெருவழக்காயிற்று. உடல் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்னும் பிரிவு நிலைபெற்றது. இப்பிரிவு தமிழ்த் திரையிசைக்கு அளவற்ற வளத்தைத் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், அதனால் நடிப்பு என்னும் சொல்லின் பொருள் சுருங்கிற்று. பாட்டு நடிகரிடமிருந்து பிரிக்கப்பட்டதும் முகபாவமும் வசன உச்சரிப்புமே நடிப்பென எஞ்சின. எஞ்சிய அவ்வளவுகோலைக் கொண்டே பிற்காலத்தார் முற்காலத்தாரை அளந்தனர்.

சுந்தராம்பாள் இப்பிரிவுக்கு இறுதிவரை உட்படாதவர். தாம் ஏற்ற வேடத்துக்குத் தாமே பாடினார். 1969 இல் வெளிவந்த ‘துணைவன்’ படத்திற் பாடியமைக்காக, அறுபது வயதைக் கடந்த நிலையில், சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்தியத் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. பின்னணியில் ஒருபோதும் மறைந்து நில்லாத ஒருவருக்குப் பின்னணிப் பாடகி என்னும் பெயரில் விருது வழங்கப்பட்டமை, அவருடைய கலைக்கு ஏற்ற பெயரொன்று அக்காலத் திரையுலகிடம் இல்லாதிருந்ததையே காட்டுகின்றது.

களரி கற்பிக்கும் கேள்வி

திரையுலகம் கைவிட்ட அப்பெயர் படுவான்கரையில் வழக்கற்றுப் போகவில்லை. அங்கே ‘கூத்தன்’ என்றால் ஆடுபவனும் பாடுபவனும் வேடம் புனைபவனும் ஒருவனே. வடமோடியாயினும் தென்மோடியாயினும், வட்டக் களரியிலே சதங்கையோடு வரும் கூத்தன் தன் வரவை ஆடிக் காட்டியபின் தன் குரலாலேயே தன்னை நிலைநிறுத்துகின்றான். அண்ணாவியார் மத்தளம் முழக்குகின்றார். பிற்பாட்டுக்காரர் தருவை வாங்கிப் பாடுகின்றனர். களரியைச் சுற்றி நாற்புறமும் ஊரவர் அமர்ந்திருக்கின்றனர். எண்ணெய்ப் பந்தத்தின் ஒளியிலோ பெற்றோமாக்ஸ் விளக்கின் ஒளியிலோ கூத்து நிகழ்ந்த காலத்திலே, தொலைவிலிருந்தோர் கூத்தனின் கண்ணசைவைக் கண்டிருக்க இயலாது. அவர்கள் கண்டது ஆட்டத்தின் கோலம். கேட்டது பாட்டின் சொல். விருத்தத்தை அவன் எவ்விடத்தில் நீட்டினான், எச்சொல்லில் மூச்செடுத்தான், சோகத்திலே குரல் எங்கே இளகிற்று என்பனவே மறுநாள் வயலிலும் வாவிக்கரையிலும் பேசப்பட்டன.

இப்பழக்கமுடைய ஒருவர் சுந்தராம்பாளைக் கேட்குமிடத்து அவருக்குப் புதுமையெதுவும் தோன்றாது. அசையாது நின்று பாடும் மூதாட்டியின் முகத்தை அவர் துருவிப் பார்ப்பதில்லை, சொல்லைப் பின்தொடர்கின்றார். ஒரு சொல் மும்முறை மடக்கி வருமிடத்து மூன்றும் மூன்று உணர்ச்சிகளாக ஒலிப்பதை அவர் உணர்கின்றார். முதலில் வேண்டுதல், அடுத்து உரிமை, இறுதியிற் கண்டிப்பு. தெய்வத்தையே அதட்டக்கூடிய மூதாட்டியின் பாத்திரம் முகத்தினாலன்றிக் குரலினால் வரையப்படுகின்றது. இதனை நடிப்பன்று என்று கூறுவோர், கர்ணனாக வந்து பாடும் கூத்தனையும் நடிகனல்லன் என்றே கூறுதல் வேண்டும்.

கூத்தை அவ்வாறு கருதிய காலமும் ஒன்றிருந்தது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. படித்தோர் நாட்டுக்கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கெனப் புறந்தள்ளிய நிலையிலே, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றிக் கூத்தினைக் கற்றோர் அவைக்குக் கொணர்ந்தார். மட்டக்களப்பு மண்ணில் வளர்ந்து அக்கூத்துகளில் ஆடிய சி. மௌனகுரு பின்னர் அம்மரபினை ஆய்வுப்பொருளாக்கினார். விடியுமட்டும் நிகழும் கூத்து சுருக்கப்பட்டது. வட்டக்களரிக்குரியது படச்சட்ட மேடைக்கேற்ப மாற்றப்பட்டது. ஆயினும் அம்முயற்சியின் அடிப்படை நன்மை ஒன்றே: கலையை அதற்குரிய அளவுகோலால் அளக்கவேண்டுமென்பதை அது கற்றோர்க்கு உணர்த்திற்று. அந்நீதியை முற்காலத் திரைக் கலைஞர்க்கும் வழங்குதல் தகும்.

இரண்டு மரபுகளும் முற்றிலும் ஒன்றே எனக் கூறுவது இங்குக் கருத்தன்று. கூத்து ஊரவரின் கூட்டுச் செயல். கோயிலோடும் அறுவடையோடும் இணைந்தது. இசை நாடகம் தொழில்முறையானது, நுழைவுச்சீட்டினால் வாழ்ந்தது. கூத்தன் ஆடுகின்றான், சுந்தராம்பாள் ஆடுவதில்லை. எல்லாவற்றினும் முக்கியமான வேறுபாடு இன்னொன்றுளது. மரபுவழிக் கூத்திலே பெண் வேடத்தையும் ஆடவரே புனைந்தனர். திரௌபதையாகவும் சுபத்திரையாகவும் வந்தவர்கள் ஆண்கள். பல்கலைக்கழக அரங்குகளிலே பெண்கள் கூத்தாடத் தொடங்கியமை பிற்காலத்து நிகழ்ச்சி. சுந்தராம்பாளோ பெண்ணாயிருந்து ஆண் வேடமும் ஏற்றவர். படுவான்கரைச் சுவைஞர் அவருடைய குரலைப் புரிந்துகொள்வது எளிது. அவருடைய வாழ்வைப் புரிந்துகொள்வதற்குக் களரி மட்டும் போதாது.

வெண்ணிற ஆடை

கிட்டப்பா 1933 டிசம்பரிலே, இருபத்தேழு வயதிற் காலமானார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று முதல் வண்ண ஆடையையும் அணிகலன்களையும் துறந்து, வெண்ணிற ஆடையும் திருநீறும் பூண்டார். ஆடவருக்கு இணையாகக் காதற் பாத்திரமேற்று நடிப்பதில்லை என்றும் உறுதி கொண்டார். ‘திருவிளையாடல்’ படத்திலே ஔவையாருக்கெனப் புனைந்த வேடம் என்று இளையோர் கருதும் அக்கோலத்தின் பெரும்பகுதி வேடமன்று. அவர் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட வாழ்க்கைக் கோலமாகும்.

சிலகாலம் மேடையினின்று ஒதுங்கியிருந்த அவரைத் தேசிய இயக்கம் மீண்டும் பொதுவாழ்வுக்கு அழைத்தது. காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி முதலியோர் நாடகக் கலைஞரின் ஆற்றலை நன்கறிந்தவர்கள். ஒலிபெருக்கி அரிதாயிருந்த காலத்திலே பெருங்கூட்டத்தை அமைதிப்படுத்தக்கூடிய குரல் அரசியலுக்கும் வேண்டப்பட்டது. நாடகமும் சினிமாவும் தேசிய இயக்கத்தோடு கொண்டிருந்த தொடர்பினைத் தியடோர் பாஸ்கரன் 1981 இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாக எடுத்துக்காட்டுகின்றது. சுந்தராம்பாள் 1951 இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். திரைக் கலைஞரொருவர் சட்டமன்றம் புகுந்த முதல் நிகழ்ச்சியாக அது குறிக்கப்படுகின்றது. பின்வந்த காலத்திலே திரையுலகினர் ஆட்சிபீடமேறிய வரலாற்றினைப் பேசுவோர் இத்தொடக்கத்தை மறத்தல் கூடாது.

‘நந்தனார்’ படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்து தில்லையைக் காணத் துடித்த அடியாராக அவர் நடித்தார். நந்தனாரை அடக்கியாளும் வேதியராக நடித்தவர் கருநாடக இசையுலகில் முன்னிலையில் நின்ற மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நாடகக் கொட்டகையிலிருந்து வந்த பெண்ணொருத்தி ஒடுக்கப்பட்டவனாகவும், சபை மேடையின் வித்துவான் ஒருவர் அந்தணராகவும் ஒரே திரையில் எதிரெதிர் தோன்றிப் பாடினர். கதையின் முடிவிலே வேதியரே நந்தனாரின் பெருமையை உணர்ந்து பணிகின்றார். கோயில் நுழைவு பற்றிய வாதங்கள் தென்னாட்டில் உச்சத்திலிருந்த காலம் அது. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. திரைத்தொழிலின் நுட்பங்கள் அப்பொழுது தவழும் பருவத்தில் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் பேராசிரியர் கா. சிவத்தம்பி கூறுவதுபோல, சாதி வேறுபாடின்றித் தமிழர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரு கலையைத் துய்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகையாயின், அக்கூரையின்கீழ் அவ்வேடமும் அக்குரலும் எழுந்தமை தனிப் பொருள் உடையதாகின்றது.

துறந்தோர் வரிசை

சுந்தராம்பாள் நடித்த படங்கள் எண்ணிக்கையிற் சிலவே. ‘நந்தனார்’ படத்தின் பின் 1940 இல் ‘மணிமேகலை’ வெளிவந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1953 இல், ஜெமினி நிறுவனத்தாரின் ‘ஔவையார்’ வந்தது. எஸ். எஸ். வாசன் தயாரிப்பில், கொத்தமங்கலம் சுப்புவின் நெறியாள்கையில் உருவான அப்படமே அவரைத் தமிழ் மக்களிடத்து நிலையாகப் பதித்தது. 1964 இல் ‘பூம்புகார்’ படத்திற் கவுந்தியடிகள்; 1965 இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையார்; 1973 இற் ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் அம்மையார்.

இப்பாத்திரங்களை வரிசைப்படுத்தி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இவர்கள் அனைவரும் உலகியல் வாழ்வின் எல்லைக்கு அப்பால் நின்றவர்கள். மணிமேகலை இளமையிலே துறந்தவள். கவுந்தி சமணத் துறவி. மணவாழ்வைத் தவிர்ப்பதற்காகத் தன் இளமையை நீக்கி முதுமையை வேண்டிப் பெற்றவர் ஔவையார் என்பது கர்ணபரம்பரைக் கதை. அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் காரைக்கால் அம்மையார். இருபத்தைந்து வயதிலே வண்ணங்களைத் துறந்த ஒரு நடிகைக்கு, தமிழ் இலக்கிய மரபும் தொன்மமும் அளிக்கக்கூடியனவாயிருந்த வேடங்கள் இவையே. கைம்பெண்ணுக்குச் சமூகம் விதித்த எல்லைக்குள்ளே நின்றுகொண்டு, அவ்வெல்லைக்குள் அடங்கக்கூடிய மாபெரும் பெண்களையெல்லாம் அவர் ஏற்று நடித்தார் எனலாம். ‘ஔவையார்’ வெளிவந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதும் நிறையவில்லை. அவ்வயதிலே முதுமையின் திருவுருவமாக அவர் வணங்கப்பட்டார். அது பெரும் பேறு. அதேவேளையில் ஒரு பெண்ணிடமிருந்து இளமையும் காதலும் நகைச்சுவையும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்பட்டமையின் விலையும் அதனுள் அடங்கியிருக்கின்றது. கொழும்பு மேடையிலே வேடனோடு எதிர்நின்று தர்க்கம் பாடிய இளம் வள்ளியைத் திரைப்படம் ஒருபோதும் பதிவு செய்யவில்லை.

‘பூம்புகார்’ மட்டக்களப்பு மக்களுக்குத் தனிப்பட்ட கவனத்துக்குரியது. வாவியின் இருமருங்கிலுமுள்ள ஊர்களிலே கண்ணகி காவிய நாயகி மட்டுமல்லள். வைகாசித் திங்களிலே குளிர்த்தி பெறும் தெய்வம். கண்ணகி வழக்குரை இங்கே பாராயண நூல். மு. கருணாநிதியின் கதை வசனத்தில் உருவான அப்படமோ கண்ணகியைத் தமிழ்ப் பெண்மையின் வீர வடிவமாகவே காட்டிற்று. தெய்வத்தை மறுத்த இயக்கத்தைச் சார்ந்தவரின் எழுத்துக்கு, முருக பக்தையும் காங்கிரஸ்வாதியுமான சுந்தராம்பாள் சமணத் துறவியாக வந்து குரல் கொடுத்தார். இம்முரண்பாடுகள் யாவும் அக்குரலிலே கரைந்து போகின்றன. கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வரும் கவுந்தி, நேரவிருப்பதை அறிந்தும் தடுக்கவியலாத சான்றாளர். வழக்குரை படிக்கும் கட்டாடியாரின் குரலிலே கதையைக் கேட்டுப் பழகியோர், கதைக்குள் நின்றும் கதைக்கு வெளியே நின்றும் பாடுகின்ற அக்குரலின் தகுதியை எளிதில் அறிவர்.

முடிவுரை

1970 இல் இந்திய அரசு சுந்தராம்பாளுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1980 இல் அவர் மறைந்தார். அவருடைய படங்கள் இன்று கைத்தொலைபேசித் திரையிலும் காணக் கிடைக்கின்றன. முற்காலத்தாருக்கு அரிதாயிருந்தது இக்காலத்தாருக்கு எளிதாயிற்று. ஆயின் கிடைத்தலும் அடைதலும் ஒன்றல்ல. உள்ளங்கையளவு திரையிலே, ஆயிரம்பேருக்கெனப் பிறந்த குரலை ஒருவர் தனித்திருந்து கேட்கும்போது, அக்குரல் அளவு மீறியதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. குரலைக் குறைகூறுமுன் அது எத்தகைய வெளியை நிரப்பப் பிறந்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழைய கலைஞரைப் போற்றுதல் பழைமையை வழிபடுதலாகாது. ‘நந்தனார்’ படத்தின் குறைகள் குறைகளே. கைம்மை நோன்பினைக் கலையின் பெருமையாக்கிப் பாராட்டுவதும் ஏற்புடையதன்று. அந்நோன்பினால் தமிழ்க் கலை இழந்தது எவ்வளவு என்பதைக் கணக்கிடுதலும் வரலாற்று மாணவரின் கடனாகும். அவ்விழப்புக்கிடையேயும் எஞ்சி நின்றது எது என்பதைச் செவிமடுத்தலே உண்மையான சுவைப்பாகும்.

படுவான்கரை ஊர்களிலே கூத்துக்களரிகள் முன்போல் அடிக்கடி போடப்படுவதில்லை. போடப்படும் களரிகளிலும் இன்று ஒலிவாங்கி தொங்குகின்றது. சொல்லைப் பின்தொடர்ந்து கேட்கும் பழக்கம் களரியோடு மறையுமாயின், சுந்தராம்பாள் மட்டுமன்று, அவருக்கு முன்னும் பின்னும் பாடி நடித்த ஒரு கலைப்பரம்பரையே நமக்கு விளங்காத மொழியாகிவிடும். பழுகாமத்திலே களரியோரத்திற் பாய்விரித்து அமர்ந்து விடியுமட்டும் கூத்துப் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கின்றனர். கொடுமுடிக் குரலை எவ்வாறு கேட்பது என்பதை அவர்களிடம் கேட்டறிதல் இயலும். அவ்வாய்ப்பு நெடுங்காலம் காத்திராது.